ஊசிச்செடிக்குத் தண்ணீர்

அந்த ஜன்னலோரத்தில் இருப்பது பிளாஸ்டிக் செடி. உங்கள் அலுவலகத்தில் யாரோ அதற்கு விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். தட்டில் தேங்கி, கொசுப்புழு நெளிகிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்திலும் இப்படிப்பட்டவர்களோடுதான் குப்பை கொட்டினேன், எனக்குப் பழக்கம்தான்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அவருக்கு ஒரு செடியின் வேர் எந்தப் பக்கம் இருக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்களிடம் சொல்வதே மேல். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், புரியாத இடத்தில் நிறுத்துங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஊசிச்செடி என்று நீங்கள் எல்லோரும் சொல்வது ஒரு புதர். ஆள் உயரத்துக்கு மேல் போகாது. இலை ஊசி ஊசியாக இருக்கும், ஆண்டு முழுக்கப் பச்சை, காய் கருநீலம், கசக்கினால் கையில் எண்ணெய் ஒட்டும். யாரும் கொண்டுவந்து நட்டதல்ல. இந்த மலைச் சரிவில் தானாக முளைத்து, இந்த மலையில் மட்டுமே இருந்தது. அதற்கு நீளமான அறிவியல் பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஆய்வு நிலையத்தில் அதைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இயக்குநருக்குத் தெரியாது. என் தங்கை கணவன், நாற்றுப் பண்ணை முழுதும் அவன் பொறுப்பில் இருந்தது, அவனுக்கும் தெரியாது. அவன் அவற்றைப் 'பிள்ளைங்க' என்பான். "மச்சான், பிள்ளைங்க இன்னைக்கு எப்படித் துளிர்த்திருக்கு பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். தலை நரைக்கத் தொடங்கிய ஆள். நகக்கண்ணில் எப்போதும் மண். கத்தரிக்கோலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த செடியை வெட்டுவான். அவன் பண்ணையில் நோய் வராமல் இருந்ததற்கு எந்தக் காரணமும் கிடையாது, குருட்டு அதிர்ஷ்டத்தைத் தவிர.

அவனை எல்லோருக்கும் பிடிக்கும். ஏன் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். சிரிப்பான், அவ்வளவுதான்.

நான் செடிநோய்ப் பிரிவின் தலைவன். பிரிவு என்றால் ஒரு அறை, ஒரு நல்ல நுண்ணோக்கி, ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி, உதவிக்கு ஒரு பெண். அவள் வாய் திறந்தே பேசமாட்டாள். ஊமைக்கோட்டான் என்று மனதுக்குள் அவளுக்குப் பெயர் வைத்திருந்தேன். வேலையைப் பார்த்தாள், போனாள். என்னைப் பொறுத்தவரை அந்த நிலையத்தில் அவளைத்தான் சகிக்க முடிந்தது.

இப்போது நோய். வேரழுகல் என்று எழுதிக்கொள்ளுங்கள். பூஞ்சை. நுணுக்கமாகப் பார்த்தால் அதைப் பூஞ்சை என்பதும் சரியில்லை, ஆனால் உங்கள் அறிக்கைக்கு அது போதும். மண்ணில் இருக்கும், தண்ணீரில் நீந்தும், பூட்ஸ் அடியில் ஒட்டியிருக்கும் சிறு சேற்றில் ஊர்விட்டு ஊர் போகும். வேருக்குள் புகுந்துவிட்டால் மருந்து கிடையாது. செடி அடியில் அழுகிக்கொண்டிருக்கும்போது மேலே நுனி மட்டும் லேசாகப் பழுத்த மாதிரி இருக்கும். பார்க்கிறவன் "தண்ணி பத்தல போல" என்பான். உலகத்தில் எந்தச் செடி எந்த நோயில் செத்தாலும் பக்கத்தில் நிற்கிற முட்டாள் சொல்வது அதுதான். வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது.

பிற நாடுகளில் இதே இனத்துப் புதர்கள் இந்த நோயால் அழிந்துகொண்டிருந்தன. இங்கும் வரும் என்று சொன்னேன். ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன், ஒவ்வொரு ஆண்டும் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். கொட்டாவி விட்டார்கள். பிறகு எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது, 'வருது சார்'. நான் சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைந்தால் ஓட்டுநர் சமையல்காரரிடம், "அண்ணே, வருது சார் வர்றாரு, டீ போடுங்க" என்பான். குரலைத் தாழ்த்திக்கொள்ளக்கூட மாட்டான். நானும் கேட்காத மாதிரி போய் உட்காருவேன்.

ஆனால் ஒரு காரியம் சாதித்திருந்தேன். மலைக்குப் போகும் வாயிலில் ஒரு மருந்துத் தொட்டி வைக்கவைத்தேன். ஏறுகிறவர்கள் முதலில் பிரஷ்ஷால் பூட்ஸ் அடியைத் தேய்த்து மண்ணை எடுக்க வேண்டும், பிறகு மருந்தில் நின்றுவிட்டுப் போக வேண்டும். எளிய விஷயம். இதைச் செய்யச் சொன்னால் மனிதர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே. ஒரு பெண்மணி அதில் தன் நாயைக் குளிப்பாட்டினாள். ஒரு பேராசிரியர், பேராசிரியர் ஐயா, கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிக் குதித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் செடி நட வரும் தன்னார்வக் கூட்டம் அதில் நின்று படம் எடுத்துக்கொள்ளும். நான் அந்தத் தொட்டியில் இறங்கியதில்லை. எங்கே மிதிக்கலாம், எங்கே மிதிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் அதை வைத்தேன்.

அப்படியே வருடங்கள் போயின. நோய் வரவில்லை. தொட்டி இருந்ததால் வரவில்லை என்று எந்தச் சின்னப் பிள்ளையும் புரிந்துகொண்டிருக்கும். எங்கள் இயக்குநர் புரிந்துகொள்ளவில்லை. அவருக்குத் தலையாட்டி என்று பெயர். யார் பேசினாலும் ஆட்டுவார், பேசி முடித்தபிறகும் கொஞ்ச நேரம் ஆடும். ஒரு கூட்டத்தில் தலையை ஆட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்ன நோய் இத்தனை வருஷத்துல எட்டிக்கூடப் பாக்கல. தொட்டியால ஜனங்க மலைக்கு வரவே யோசிக்கிறாங்க. எடுத்துடலாம்னு இருக்கோம். உங்க ரூமையும் பண்ணைக்குக் குடுத்துட்டா, நாத்து வைக்க இடம் கிடைக்கும். நீங்க லைப்ரரி பக்கம் உட்கார்ந்துக்கலாம்."

அறை முழுக்க ஒரு சங்கடமான மௌனம். அதைக் கலைக்க வேண்டுமென்று என் தங்கை கணவன் நினைத்துவிட்டான். அவனுக்கு மௌனம் ஆகாது.

"மச்சான் சொன்னது வராமலே போனா நமக்கு நல்லதுதானே சார்? அவரு தோத்தா நாம எல்லாரும் ஜெயிச்ச மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஊமைக்கோட்டான்கூட லேசாகச் சிரித்தாள். அவன் என் முழங்காலைத் தட்டி, "அப்படித்தானே மச்சான்?" என்று கேட்டான். நல்லெண்ணத்தோடுதான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தான். கேலி செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பரிதாபப்பட்டான். அன்றைக்கு அந்த மனிதனை நான் வெறுத்த அளவு யாரையும் வெறுத்ததில்லை, அது இன்னும் குறையவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

இனி நீங்கள் டப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

நான் தனியாள். என் மதியச் சாப்பாடு தங்கை வீட்டிலிருந்து வரும். தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று அவன் எடுத்துக்கொண்டு வருவான். சாயங்காலம் காலி டப்பாவை அவனே கொண்டுபோவான். நல்ல எவர்சில்வர் டப்பா, மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கும், ஒரு சொட்டு வெளியே வராது. நகரத்தில் ஒரு வங்கி வாசலில் அழகுக்காக வெளிநாட்டுப் புதர்களைத் தொட்டியில் வரிசையாக வைத்திருந்தார்கள், மேலே வெள்ளைக்கல் தூவி. அவற்றில் ஒன்று நுனி பழுத்திருந்ததை நான் முன்பே கவனித்திருந்தேன். காவலாளியிடம் கேட்டேன். "தண்ணி பத்தல சார்" என்றான். வேரைக் கொஞ்சம் எடுத்து வந்து நுண்ணோக்கியில் பார்த்தேன். நான் பல வருடம் படத்தில் காட்டிக்கொண்டிருந்த அதே ஆசாமி, உயிரோடு, என் கண்ணாடித் தகட்டில். சந்தோஷமாக இருந்தது என்றால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதை உடனே தெரிவித்திருக்க வேண்டும், அது என் வேலை. தெரிவித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தலையாட்டி தலையை ஆட்டியிருப்பார். வங்கிக்காரர்கள் தொட்டியை மாற்றியிருப்பார்கள். மலை தப்பித்திருக்கும், நான் லைப்ரரி மூலையில் உட்கார்ந்திருப்பேன், ஓட்டுநர் டீ சொல்லிக்கொண்டிருப்பான்.

மலை வாயிலில் மருந்துத் தொட்டியை எடுத்த வாரமே அந்த வங்கிக்கு மறுபடி போனேன். அந்த நோய்ப் புதரின் தொட்டி மண்ணைச் சாப்பாட்டு டப்பா நிறைய அள்ளினேன். காவலாளி பார்த்துக்கொண்டிருந்தான், "பரிசோதனைக்கு" என்றேன், கதவைத் திறந்துவிட்டுச் சல்யூட் அடித்தான். மறுநாள் மலை ஏறினேன். மழைக்கு முந்தைய நாட்கள், மண் இளகியிருந்தது. எதிரே தன்னார்வக் கூட்டம் ஒன்று இறங்கி வந்தது. "சார், சாப்பாட்டோட பிக்னிக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒரு புதரில் வந்தால் போதும், எல்லோருக்கும் புத்தி வரும், அதற்குமேல் நான் நினைக்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அதில் ஒரு சிறிய திருத்தம். ஒரு புதர் மட்டும் போதுமென்றால் அடிவாரத்தில், வேலியோரம் ஒன்றின் கீழே கொட்டியிருக்கலாம். நான் சுனை வரைக்கும் ஏறினேன். மலையின் தலையில், பாறையிடுக்கில் தண்ணீர் கசிகிற இடம். அங்கிருந்து அது சரிவு முழுக்கப் பிரிந்து இறங்குகிறது, எல்லாப் புதருக்கும் அதுதான் தண்ணீர். அங்கே கொட்டினேன். காலால் மிதித்து ஈரத்தில் குழைத்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், காற்று நன்றாக இருந்தது.

டப்பாவைச் சுனையிலேயே கழுவினேன். பளபளவென்று ஆனது. தங்கையிடம் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, என் மேசையில் பேனா, நூல்கண்டு போட்டு வைத்துக்கொண்டேன்.

மழை வந்தது, போனது. அடுத்த ஆண்டு வெயில் தொடங்கும்போது சுனையைச் சுற்றி நுனிகள் பழுத்தன. முதலில் பார்த்தவன் என் தங்கை கணவன்தான். என் அறைக்கு வந்தான். அறையை இன்னும் பண்ணைக்குக் கொடுத்திருக்கவில்லை, அவன்தான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

"மச்சான், மேல பிள்ளைங்க ஒரு மாதிரி இருக்கு. வந்து பாக்குறீங்களா?"

"தலையாட்டி என்ன சொல்றாரு?"

"தண்ணி பத்தலன்னு சொல்றாரு. ஞாயித்துக்கிழமை ஆளுங்களை வெச்சு ஊத்தச் சொல்லிட்டாரு."

"அப்ப ஊத்துங்க" என்றேன்.

ஊற்றினார்கள். அந்த வெயில் காலம் முழுக்க ஊற்றினார்கள். சுனையிலிருந்து குடம் குடமாக மொண்டு, கைமாற்றிக் கைமாற்றி, சரிவில் ஒவ்வொரு புதருக்கும். குடும்பத்தோடு வந்து, பாட்டுப் பாடிக்கொண்டு. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் எறும்பு வரிசை மாதிரி தெரியும். நோய் தானாகப் பரவியிருந்தால் மறுபக்கச் சரிவுக்குப் போகவே பல வருடம் ஆகியிருக்கும். சுனைத் தண்ணீர் எட்டாத பாறைமேட்டில் இருந்தவை தப்பித்துக்கூட இருக்கலாம். அங்கேயும் போய் ஊற்றினார்கள். நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. நீங்கள் நியாயமாக எழுதுகிறவர் என்றால் இதையும் எழுத வேண்டும்.

புதர்கள் செம்பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறமானபோது என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்தேன், சொன்னேன். அதற்குப் பிறகு என்னை யாரும் வருது சார் என்று கூப்பிடவில்லை. ஓட்டுநர் எழுந்து நின்றான். செய்தியாளர்கள் வந்தார்கள், நான் முன்பே எச்சரித்ததையெல்லாம் எழுதினார்கள். தலையாட்டி என் அறைக்கே வந்து, நின்றுகொண்டே பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் அப்போது ஒரு கேள்வி வந்தது, எங்கிருந்து வந்தது என்று. மருந்துத் தொட்டியை எடுத்ததால் வந்தது என்று சொன்னால் தலையாட்டியின் வேலை போகும். அவர் அதை விரும்பவில்லை. சுனைக்குப் பக்கத்தில் என் தங்கை கணவன் பண்ணை நாற்றுகளை நட்டிருந்தான். "நாத்துல இருந்து வந்திருக்குமோ?" என்று அவர்தான் முதலில் கேட்டார், நான் அல்ல. பண்ணையைச் சோதிக்கச் சொன்னார். சோதித்தேன். வேர் வேராக எடுத்துப் பார்த்தேன்.

சுத்தமாக இருந்தது. ஒன்றில்கூட இல்லை. துடைக்காத கத்தரிக்கோல், மண் நகம், பிள்ளைங்க, கொஞ்சல், இத்தனையையும் மீறி அந்தப் பண்ணை கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

நோய் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். சுத்தம் என்று எழுதியிருந்தால் தேடல் நின்றிருக்காது, நாலு இடத்தில் மண்ணைக் கிளறியிருப்பார்கள். நோய் கண்ட பண்ணைக்கு விதி ஒன்றுதான், வேரோடு கொளுத்த வேண்டும். அந்த விதியும் நான் எழுதியதுதான்.

அவன் என்னைப் பார்க்க வந்தான். கதவைச் சாத்திவிட்டு உட்காராமல் நின்றான்.

"மச்சான், இன்னொரு தடவை பாத்துடுங்களேன். ஏதாவது கண்ணு தப்பியிருக்கலாம்."

"என் கண்ணு தப்பாது மாப்பிள்ளை."

"அதில்ல மச்சான். தாய்ச்செடிங்க இருக்கு. சரிவுல ஒவ்வொரு இடத்துலயிருந்தும் விதை எடுத்து நான் வளத்தது. மலை மொத்தமும் போனாலும் அதுங்க இருந்தா திரும்பக் கொண்டுவந்துடலாம். அதை மட்டும் விட்டுருங்க. கால்ல வேணா விழறேன்."

"விதின்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"நான்தான் கொண்டுவந்து விட்டேனா மச்சான்? என் கையாலயா?" அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னால நம்ப முடியல. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அழுதான். எனக்கு முன்னால் ஒரு வளர்ந்த ஆண் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மேசைமேல் அந்த டப்பா இருந்தது. பேனா வேண்டும் என்று கேட்டு, அதிலிருந்தே எடுத்து, பண்ணையைக் கொளுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அவன் வீட்டு டப்பா. தினமும் தூக்கிச் சுமந்த டப்பா. அடையாளம் தெரியவில்லை.

கொளுத்திய காலையில் எல்லோரும் வந்திருந்தார்கள். பச்சையாக இருந்தாலும் ஊசிச்செடி எரியும், எண்ணெய். தள்ளி நில்லுங்கள் என்று நான் எல்லோரையும் எச்சரித்தேன், அதற்குச் சாட்சி இருக்கிறது. என் தங்கை பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்திருந்தாள், எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவன் என் பக்கத்தில், தோள் உரச நின்றான். நிழல்வலைக் கூடாரத்தின் ஓரத்தில் தீ பிடித்ததும் வாசனை வந்தது, நல்ல வாசனைதான். அவன் உள்ளே ஓடினான்.

ஓடுவான் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தன் பிள்ளைகள் என்கிறவன் ஓடத்தானே செய்வான். கையை நீட்டியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். பிடித்திருக்கலாம். என் கையில் தேநீர் இருந்தது. சூடாக இருந்தது, ததும்பிவிடும் என்று தோன்றியது. நான் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது கூடாரம் உட்கார்ந்துவிட்டது.

அவனை வெளியே இழுத்தபோது ஒரு தொட்டியை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்திருந்தான். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் முதுகில்தான் எல்லாம். மருத்துவமனையில் சில நாள் இருந்தான். நான் போய்ப் பார்க்கவில்லை, வேலை இருந்தது. அவன் கடைசியாகச் சொன்னதைத் தங்கை வந்து சொன்னாள்.

"அந்தத் தொட்டியை மச்சான்கிட்ட குடு, அவரு பாத்துப்பாருன்னாரு அண்ணா. வேற ஒண்ணும் பேசல."

"நோய்ச் செடிம்மா. அதை வெச்சிருக்க முடியாது. அன்னைக்கே அழிச்சாச்சு" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் சரி என்பாள். அவ்வளவு சுலபமாக ஒருவரை நம்பவைக்க முடிவதில் எனக்கு எந்த மரியாதையும் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவனுடைய சாமான்களை எடுக்க நிலையத்துக்கு வந்தாள், என்னிடம் சொல்லிக்கொள்ள அறைக்குள் வந்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"இது தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே அண்ணா?"

"அப்புறம் கிடைச்சுது."

பேனாக்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடியைத் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தால் ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தாள். பாத்திரம் துலக்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம், யோசிக்காமலே கை போகுமாம். அந்த வளையம் கழன்று வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் வாழ்நாளில் நான் ஒரு பாத்திரம் துலக்கியதில்லை. பள்ளத்தில் கறுப்பாக மண் இருந்தது, நடுவில் ஒரு வெள்ளைக்கல் துணுக்கு. மலையிலும் வெள்ளைக்கல் கிடையாது, அவள் வீட்டிலும் கிடையாது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். டப்பாவை முந்தானையில் சுற்றிக்கொண்டு நேராக ஊமைக்கோட்டானிடம் போனாள்.

அந்தப் பெண் பண்ணை வேர்களில் ஒரு பங்கைக் குளிர்பதனப் பெட்டியில் எடுத்து வைத்திருந்தாளாம். எல்லாம் சுத்தம் என்று மறுபடி பார்த்துச் சொல்லியிருக்கிறாள். டப்பா மண்ணில் இருந்ததும் மலையில் இருந்ததும் ஒன்று என்றும் சொல்லியிருக்கிறாள். சொன்னது சரிதான். நான் பயிற்சி கொடுத்த பெண்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். மண்ணைக் கொண்டுபோனது நான். சுனையில் போட்டது நான். சுத்தமான பண்ணையை நோய்ப் பண்ணை என்று எழுதியது நான். என் தங்கை கணவன் அதில் செத்தான், அதைத் தடுக்க எனக்கு நேரம் இருந்தது. மலையில் இனி ஒரு ஊசிச்செடியும் தேறாது. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். உங்கள் பேனா எழுதவில்லை, வேறு கொடுங்கள்.

ஆனால் எழுதும்போது இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் நாளைக்கு எல்லோரும் என்னை அந்த இனத்தை அழித்தவன் என்பார்கள். அவன் வயிற்றோடு கட்டிப்பிடித்துக் கொண்டுவந்த தொட்டியை நான் அழிக்கவில்லை. என் வீட்டில் இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் சின்ன பால்கனி, அங்கே, என் மலை பூட்ஸுக்குப் பக்கத்தில். மலையிலிருந்து வந்தால் வீட்டுக்குள் சேறு வரக்கூடாது என்று அங்கேதான் கழற்றிப் போடுவேன். கழுவுவதில்லை, காய்ந்தால் தானாக உதிர்ந்துவிடும். இன்றைய தேதியில் நோயில்லாத ஊசிச்செடி உலகத்திலேயே அது ஒன்றுதான். காப்பாற்றி வைத்திருப்பது நான். விட்டுப் போனவனுமல்ல, தலையாட்டியுமல்ல, குடம் தூக்கிய கூட்டமுமல்ல. எல்லாம் அடங்கியபிறகு அதிலிருந்து மலையைத் திரும்ப உண்டாக்கிக் காட்டலாம் என்றிருந்தேன், சரியான முறையில், விஷயம் தெரிந்தவன் கையால்.

நீங்கள் என்னை அழைத்து வந்த காலையில் அதைப் பார்த்தேன். அடிக்கிளையில் நுனி லேசாகப் பழுத்திருந்தது. சும்மா மேலாக, இரண்டு விரற்கடை. அது ஒன்றுமில்லை. விசாரணை, நிலையம் என்று அலைந்ததில் நான் சரியாகக் கவனிக்கவில்லை. சாவி உங்களிடம்தானே இருக்கிறது, யாரையாவது அனுப்பி ஒரு செம்பு ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் பற்றவில்லை, அவ்வளவுதான்.